கழுவாத தொட்டி

கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி உயரம். மிளகாய்த் தோட்டத்துக்கு இறைப்பதற்காக மாமா கட்டியது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, யன்னலும் இல்லை. தொட்டி மட்டும் அப்படியே நின்றது. ஒரே ஒரு குறை. தண்ணீர் திறந்துவிடும் துவாரத்துக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நிரப்பி வைத்தால் இரண்டு நாளில் அரைச் சாண் இறங்கிவிடும்.

இந்த வருடம் மாசி மாதம் அதை அடைத்துவிடுவதென்று ஒரு பை சீமெந்து வாங்கி வைத்தேன். அதற்குள் மகளுக்குப் பாடசாலையில் செயற்றிட்டம் ஒன்று கொடுத்துவிட்டார்கள். தரம் 10 விஞ்ஞானம்: நீர்ச் சூழற்றொகுதி ஒன்றின் மாதிரியை அமைத்து, அதில் உணவுச் சங்கிலியை அவதானிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் சோடாப் போத்தலில் பாசி போட்டுக்கொண்டு போகப் போகிறார்களாம். இவள், "அப்பா, எங்கட தொட்டி சும்மாதானே கிடக்கு" என்றாள்.

நான் வயரிங் வேலை செய்கிறவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குழம்பும் பொரியலும்தான். ஆனாலும் ஒரு தொட்டியில் தண்ணீரும் மீனும் விடுவது பெரிய வேலையா என்று நினைத்தேன். மூன்று தடவை செய்ய வேண்டி வந்தது. முதல் இரண்டும் தோல்வி. மூன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தேன். பிழையே அங்கேதான். தும்புக்கட்டையால் உரஞ்சி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, நாலு நாள் வெயிலில் காயவிட்டு, கிணற்றுத் தண்ணீரை இரண்டரை அடிக்கு நிரப்பினேன். நாலாயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். வாய்க்காலில் இருந்து வேலம்பாசி ஒரு பிடி. இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கும் ஒருவரிடம் சொல்லி வைத்து, சாண் நீளத்தில் ஐந்து விராலும் நாற்பது திலாப்பியாக் குஞ்சும் வாங்கி வந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் விழுந்த ஊசியைக்கூட எடுக்கலாம். மகள் அப்பியாசக் கொப்பியில் படம் கீறினாள்: பாசி, குஞ்சு மீன், விரால். உற்பத்தியாக்கி, முதல் நுகரி, துணை நுகரி. எல்லாம் சரி.

பன்னிரண்டாம் நாள் குஞ்சு ஒன்றும் மிச்சமில்லை. விரால்கள் சுவரோரம் சுற்றிச் சுற்றி வந்தன. அடுத்த கிழமை ஒரு விரால் இரவில் துள்ளி வெளியே விழுந்து கிடந்தது. அதைப் பூனை கண்டுபிடித்துவிட்டது. இன்னும் இரண்டை நானே பிடித்துக் குழம்பு வைக்கக் கொடுத்துவிட்டேன். தலை பெரிதாகவும் உடம்பு ஒடுங்கியும் இருந்தன. மாமி சட்டியைப் பார்த்துவிட்டு, "வளக்கிறன் வளக்கிறன் எண்டு மெலிய வைச்சிருக்கிறியே தம்பி" என்றார்.

அன்றிரவு மகளும் நானும் கணக்குப் பார்த்தோம். புத்தகத்தில் சக்தி ஓட்டம் என்று ஒரு கூம்பகப் படம் இருந்தது. கீழே அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக ஒடுங்குகிறது. ஒவ்வொரு போசணை மட்டத்தில் இருந்தும், அதாவது தின்னும் வரிசையின் ஒவ்வொரு படியில் இருந்தும், அடுத்ததற்கு ஏறக்குறைய பத்திலொன்றுதான் போகுமாம். படம் அழகாகத்தான் இருந்தது, எனக்கு மனதில் பதியவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த பாஷைக்கு மாற்றினேன்: கரண்ட் பில் யூனிட்.

எங்கள் பக்கத்து வெயிலில் ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளைக்கு விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 5 யூனிட். சோலார் பூட்டுகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்குத்தான். தொட்டியின் வாய் அறுபது சதுர அடி, அதாவது 5.6 சதுர மீற்றர். ஆக ஒரு நாளைக்கு 28 யூனிட். எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க எரிப்பதே அறுபதுக்குள். தொட்டியின் மேல் இரண்டு நாளில் கிட்டத்தட்ட அவ்வளவும் கொட்டுகிறது. இதைக் கேட்டதும் மகளுக்கே நம்பிக்கை வந்தது, இவ்வளவு இருக்கிறதே, ஐந்து விரால் என்ன, ஐம்பது வளர்க்கலாம் என்று.

பிறகு பாருங்கள். தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்ணிய அல்காவும் பாசியும் ஒளித்தொகுப்பில் பிடித்து உடம்பாக மாற்றுவது தாராளமாக வைத்தாலும் நூற்றுக்கு ஒன்று. 28 யூனிட் அங்கேயே 0.28 ஆகிவிட்டது. அதைத் தின்னும் தண்ணீர்த் தெள்ளு, நுளம்புக் குடம்பி போன்றவற்றின் உடம்பில் சேர்வது 0.028. அவற்றைத் தின்னும் குஞ்சு மீனில் 0.0028. குஞ்சு மீனைத் தின்னும் விராலுக்கு 0.00028 யூனிட். ஒரு 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் அதில் இரண்டு நிமிடம் எரியாது. மீன் இறைச்சி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி என்று வைத்தால், நாளுக்குக் கால் கிராம். வருடம் முழுக்கக் காத்திருந்தால் மொத்தமாக 90 கிராம் விரால் இறைச்சி. திலாப்பியா அல்காவையே நேரே தின்னக்கூடியது, ஆகவே ஒரு படி குறையும் என்று பிள்ளை ஞாபகப்படுத்தினாள். சரி, 900 கிராம். அதைத்தான் ஐந்து விராலும் பங்குபோட வேண்டும். நான் விட்டதோ முதல் நாளே அதைவிடக் கூடுதலான நிறையில், கீழே எதுவுமே இல்லாத, பளிங்கு மாதிரிக் கழுவிய தொட்டியில். அவை தின்றது தொட்டியின் விளைச்சலை அல்ல, நான் காசு கொடுத்துப் போட்ட மூலதனத்தை.

மிச்ச ஒன்பது பங்கும் எங்கே போகிறது என்று கேட்டால், எங்கேயும் காணாமல் போகவில்லை. நீந்துவதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவாகி வெப்பமாகிறது, கழிவாகப் போகிறது, பிடிபடாமல் செத்து அடியில் படிகிறது. பழைய வீடுகளில் ஒவ்வொரு மூட்டிலும் வயர் சுட்டுக்கொண்டிருக்கும், கடைசி அறையில் பல்ப் மங்கலாக எரியும். அதே மாதிரித்தான்.

பத்திலொன்று என்பது சட்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1942-ல் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பொக் என்ற சின்னச் சேற்று ஏரியை வைத்து இந்தக் கணக்கை எழுதினார். கட்டுரை அச்சில் வருவதற்கு முன்னரே, இருபதுகளிலேயே, இறந்துபோனார். அவருடைய ஏரியில் தாவரங்கள் பிடித்தது சூரிய சக்தியில் நூற்றுக்கு வெறும் 0.1. தாவரம் தின்பவற்றின் கணக்கு 13.3, அடுத்த மட்டத்துக்கு 22.3. ஆகவே பத்து என்பது நினைவில் வைக்க வசதியான ஒரு நடு எண். தேர்வுக்கு எழுதலாம், தொட்டிக்கு மீன் விட அதை மட்டும் நம்பக் கூடாது.

இடையில் ஒரு சின்னச் சங்கடம். மகளின் படத்தை ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அம்புக்குறி எல்லாம் பிழை. விராலில் இருந்து குஞ்சுக்கும், குஞ்சில் இருந்து பாசிக்கும் கீறியிருந்தாள், யார் யாரைத் தின்கிறார் என்று காட்டுவது போல. அம்பு காட்ட வேண்டியது சக்தி போகும் திசையை. தின்னப்படுவதில் இருந்து தின்பதற்கு. எனக்கு இது உடனே விளங்கியது. மெயின் சுவிட்சில் இருந்து பல்புக்குத்தானே கீறுவோம், பல்பில் இருந்து மெயினுக்கு இல்லையே.

இரண்டாவது தடவை: கீழ்த்தட்டு முதலில், மேல்தட்டு பிறகு. விரால் இரண்டு மட்டும் இருந்தன, அவற்றை வலையால் மறித்து ஒரு மூலையில் விட்டேன். தண்ணீரில் அல்கா பெருக வேண்டும், அதற்குச் சாப்பாடு வேண்டும். பக்கத்து வளவு அண்ணை ஒரு யோசனை சொன்னார்: மாட்டெருவும் வைக்கோலும் போடு, ஒரு கிழமையில் தண்ணீர் பச்சையாகும். காலபோகம் வெட்டி முடிந்த நேரம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. நான் ஒரு கூடை எரு போட்டேன். பச்சை பிடிக்கவில்லை என்று இன்னொரு கூடை. வைக்கோல் இரண்டு கட்டு.

பச்சை பிடித்தது. பெயின்ற் வாளியின் மூடியை நாலு பங்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை பூசி, நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டி, அடியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு மகள் ஒரு தட்டுச் செய்தாள். தட்டைத் தண்ணீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளக்க வேண்டும். 1865-ல் இத்தாலியில் அஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் கடலில் செய்தது இதுதான், இன்றைக்கும் உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள். எங்கள் தொட்டியில் முதல் நாள் அடிவரை தெரிந்தது. பத்து நாளில் ஒரு சாணில் மறைந்தது. பிறகு நாலு விரற்கடையில். நான் சந்தோஷப்பட்டேன். முப்பது திலாப்பியாக் குஞ்சு வாங்கி விட்டேன். நல்லாய்த் தின்றன.

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாளுக்கு முன்பு, விடிய ஐந்தரைக்கு மோட்டர் போடப் போனேன். குஞ்சு எல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. பசி என்று நினைத்து ஒரு பிடி தவிடு தூவினேன். இதைவிட முட்டாள்தனம் இல்லை. அடுத்த நாள் விடியப் பார்த்தால் இருபத்தெட்டு மிதந்தன. தண்ணீர் பச்சையில் இருந்து தேயிலைச்சாய நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வைக்கோலைக் கிளறினால் கறுப்புச் சேறு, கூழ்முட்டை மணம். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வருசத்தண்டு உந்த மணத்துக்குள்ளயோ பொங்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. பகலில் அல்கா ஒட்சிசனை விடுகிறது. இரவில் அல்காவும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுத்துத்தான் சுவாசிக்கிறது. மீன், அல்கா, எருவையும் வைக்கோலையும் சிதைக்கும் கோடிக்கணக்கான பற்றீரியா, எல்லாம் விடிய விடிய ஒரே பானையில் கையை விடுகின்றன. வெயில் வருவதற்குச் சற்று முன்னர்தான் பானை காலி. எங்கள் சூட்டில் இன்னொரு இடைஞ்சல்: 20 பாகை செல்சியஸ் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் ஏழரைதான் பிடிக்கும். சூடு ஏற ஏற உயிர்களுக்குத் தேவை கூடுகிறது, இருப்புக் குறைகிறது. ஒட்சிசன் முடிந்த சேற்றில் அது இல்லாமலே வாழும் பற்றீரியாக்கள் வேலையைத் தொடர்கின்றன. அந்தக் கூழ்முட்டை மணம், ஐதரசன் சல்பைட்டு, அவற்றின் மூச்சு.

ஒட்டுமொத்தமாகச் செத்தபோதும் மூலையில் இரண்டு விராலும் ஒன்றும் நடக்காதது போல இருந்தன. விரால் மேலே வந்து காற்றையே குடிக்கும். வற்றுகிற குளத்துச் சேற்றில் கடைசிவரை இருக்கும் மீன் அதுதான். சங்கிலியின் உச்சியில் இருக்கிறது என்பதற்காக மற்றவற்றைவிட நொய்ந்தது என்று நினைக்க வேண்டாம்.

தொட்டியை இறைத்து வெறுமையாக்கினேன். அந்தத் தண்ணீரை வாழைக்கு விட்டேன், வாழை நன்றாக வந்தது. சீமெந்துப் பையைப் பிரித்து வெடிப்பை அடைத்து இந்தக் கதையை முடித்துவிடலாம் என்று இருந்தேன். மகள் விடவில்லை. செயற்றிட்டம் ஒப்படைக்கும் நாளும் தள்ளிப்போயிருந்தது.

மூன்றாவது தடவை செய்தது மிகக் குறைவு. கழுவவில்லை. இரணைமடு அலைகரைப் பக்கம் போய், தண்ணீரோரத்துச் சேறு இரண்டு வாளி எடுத்து வந்தோம். கறுப்புச் சேறு அல்ல, மேலே இருக்கும் மண்ணிறச் சேறு, மணக்காதது. வாய்க்கால் கரை மருத மரத்தடியில் காய்ந்த இலை ஒரு உரப்பை நிறைய. கோரை நாலு மூடு, வேலம்பாசி, ஒரு அல்லிக் கிழங்கு. சேற்றை அடியில் பரப்பி, மேலே குளத்து மணல் கொஞ்சம், தண்ணீரை இரண்டு நாளாக மெதுவாக விட்டோம். முதலில் மீன் ஒன்றும் விடவில்லை. சல்வீனியா என்ற மிதக்கும் களை ஒரு இலைகூட வராமல் கவனமாகப் பார்த்துக் கழுவினோம். அது 1939-ல் இலங்கைக்கு வந்தது. ஒன்று போனால் தண்ணீரை மூடி ஒளியை மறைத்துவிடும், கீழே உற்பத்தியாக்கி என்று ஒன்றும் மிஞ்சாது. இங்கே வயல் வாய்க்காலில் அதை வாரி வாரி அலுத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மருத இலை போடும் யோசனை ஆசிரியையுடையது. எடை பார்க்கச் சொன்னதும் அவர்தான். இலையை மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, இருபது கிராம் இருபது கிராமாக எட்டுப் பொட்டலம். நாலு பொட்டலம் நுளம்பு வலைத் துணியில், நாலு பொட்டலம் வெங்காயம் வரும் வலைப் பையில். எல்லாவற்றையும் கல் கட்டி அடியில் போட்டோம். நுளம்பு வலைக்குள் பற்றீரியாவும் பங்கசும் போகும், பூச்சி நத்தை போகாது. வெங்காயப் பைக்குள் எல்லாம் போகும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா இரு வகையிலும் ஒவ்வொன்று எடுத்துக் கழுவி, காயவைத்து, கடைத் தராசில் நிறுத்தோம். கடைக்கார அண்ணை முதல் தடவை சிரித்தார். மூன்றாவது தடவை அவரே, "இந்த முறை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

முதல் இரண்டு கிழமையில் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தன. இருபது பதினேழரை ஆனது. யாரும் தின்றதால் அல்ல, சாயம் இறங்கியதால். தேயிலை மாதிரித் தண்ணீரில் கரையக்கூடியதெல்லாம் கரைந்துவிட்டது. ஆறாம் கிழமை நுளம்பு வலைப் பொட்டலம் பதினைந்து கிராம், வெங்காயப் பைப் பொட்டலம் பதினொன்று. எட்டாம் கிழமை வெங்காயப் பையில் இலை நரம்பு மட்டும் சல்லடை மாதிரி இருந்தது. நாலு பொட்டலத்தை வைத்து விஞ்ஞானம் பேச முடியாதுதான். ஆனாலும் அந்தச் சல்லடை இலையைக் கையில் வைத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபோது, இத்தனை நாள் நான் குப்பை என்று வாரிக் கொட்டியது என்ன என்று தெரிந்தது.

புத்தகத்துப் படத்தில், செத்ததை உக்க வைக்கும் பிரிகையாக்கிகள் ஒரு ஓரத்தில், கடைசியில் வரும், எல்லாம் முடிந்த பிறகு கூட்டித் துடைக்க வருகிறவர்கள் மாதிரி. ஈரநிலத்தில் அது தலைகீழ். கோரை, அல்லி, மருத இலை, இவற்றைப் பச்சையாகத் தின்பவை மிகக் குறைவு. பெரும்பங்கு செத்து விழுந்த பிறகுதான் சாப்பாடாகிறது. விழுந்த இலை சும்மா நார். நைதரசன் மிகக் குறைவு. பற்றீரியாவும் பங்கசும் அதன் மேல் படர்ந்து, தண்ணீரில் இருந்தும் நைதரசனை இழுத்துத் தங்கள் உடம்பில் சேர்த்த பிறகுதான் நத்தைக்கும் புழுவுக்கும் அதில் ருசி வருகிறது. வெறும் புட்டு தொண்டைக்குள் இறங்குமா? ஒரு கறியோ சம்பலோ வேண்டும். இலை புட்டு, அதன் மேல் வழுவழுப்பாகப் பிடிப்பது சம்பல். அந்த வழுவழுப்பைத்தான் நான் முதல் தடவை பிளீச்சிங் போட்டு உரஞ்சினேன். இரண்டாவது தடவை இதே வேலையை ஒரேயடியாக இரண்டு கூடை எருவில் செய்யச் சொல்லி, வேலைக்காரர் எல்லோரையும் மூச்சு முட்ட வைத்தேன். குப்பை கெட்டதல்ல, வேகம்தான் கெட்டது.

பழைய சீடி பிளேயர் ஒன்றில் இருந்து கழற்றிய சின்னக் கண்ணாடி வில்லையை போன் கமராவில் செலோடேப்பால் ஒட்டினேன். நுணுக்குக்காட்டி என்று சொல்ல முடியாது, ஆனால் போதும். வைகாசி நடுவில் ஒரு கரண்டித் தண்ணீரில் தண்ணீர்த் தெள்ளு துள்ளித் துள்ளிப் போவது தெரிந்தது, வயிற்றுக்குள் பச்சை நிறத்தில் அல்கா. சேற்றில் சிவப்பு நூல் மாதிரிப் புழுக்கள். மகள் பயந்தாள். அவை ஒருவகைக் கொசுகின் குடம்பிகள், கடிக்காத இனம். எங்கள் இரத்தத்தில் இருக்கும் ஈமோகுளோபின் அவற்றிலும் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சிவப்பு. ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அதை வைத்துச் சமாளிக்கின்றன. இவற்றில் ஒன்றையும் நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. சேற்றோடு வந்தவை பாதி, பறந்து வந்தவை பாதி.

பறந்து வந்தவற்றில் நுளம்பும் உண்டு. மூன்றாம் கிழமை தொட்டியோரம் நுளம்புக் குடம்பி நெளிந்தது. டெங்குக் காலத்தில் இது விளையாட்டில்லை. சுகாதாரப் பரிசோதகர் வளவு வளவாக வந்துகொண்டிருந்தார், எங்களுக்கும் ஒரு கிழமை தவணை கொடுத்தார். நியாயம்தான். கப்பி மீன் பத்து வாங்கி விட்டேன், மூன்று நாளில் குடம்பியைக் காணவில்லை. பரிசோதகர் திரும்ப வந்து அகப்பையால் நாலு இடத்தில் அள்ளிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய அகப்பையில் ஒரு விகாரமான பூச்சி வந்தது, மண்ணிறம், ஆறு கால். தும்பிக் குடம்பி. கீழுதட்டை மடித்து வைத்திருந்து, இரை கிட்டே வந்ததும் கை நீட்டுவது போல எறிந்து பிடிக்கும். நுளம்புக் குடம்பியைத் தின்னும், வாற்பேத்தையைத் தின்னும், கப்பிக் குஞ்சையும் விடாது. ஆக கப்பி மீன் வாங்காமல் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தாலும் நடந்திருக்கும் போல. ஆனால் தவணை ஒரு கிழமைதான், தும்பிக்கு அவசரம் தெரியாது. கப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தொட்டி நிரம்பிவிட்டதென்று வாய்க்காலில் கொண்டுபோய் விடாதீர்கள், அது ஊர் மீன் அல்ல.

இந்தக் கட்டத்தில் மகளின் படம் சங்கிலியாக இருக்கவில்லை, வலையாகிவிட்டது. கப்பி அல்காவும் தின்கிறது, குடம்பியும் தின்கிறது. அது எந்த மட்டம்? தும்பிக் குடம்பி தண்ணீரில் துணை நுகரி, சிறகு முளைத்து வெளியே போனால் அதைத் தின்னக் கரிக்குருவி காத்திருக்கிறது. தொட்டியில் சேர்ந்த சக்தி சிறகடித்துக்கொண்டு தொட்டியை விட்டே போகிறது. ஒரே பிராணிக்கு இரண்டு மட்டத்தில் பெயர் எழுத இடமில்லாமல் கடைசியில் இரண்டு நிறப் பேனா பாவித்தாள்.

ஆடியில் சோழகம் அடித்து இரணைமடு நன்றாக வற்றியிருந்தபோது ஒரு ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனேன். தொட்டியில் பார்த்ததை அங்கே பார்ப்பதென்பது திட்டம். தண்ணீர் இறங்கிய அலைகரையில் புல் முளைத்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, மாட்டுக்குப் பக்கத்தில் கொக்குகள். மாடு புல்லைத் தின்று அதே இடத்தில் சாணமாகப் போடுகிறது. மாரியில் தண்ணீர் ஏறி அந்தச் சாணத்தையும் மிச்சப் புல்லையும் மூடும். எங்கள் இரண்டு கூடை எருவைக் குளம் ஒவ்வொரு வருடமும் போட்டுக்கொள்கிறது, ஆனால் பரந்த அலைகரை முழுக்கப் பரப்பி, கிழமைக்கணக்கில், மெல்ல மெல்ல. கோடையில் வற்றுவது குளத்துக்கு நோய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். காய்ந்து காற்றுப் பட்ட சேறு மறுபடி நனையும்போது அதில் அடைந்திருந்த நைதரசனும் பொசுபரசும் தண்ணீருக்குத் திரும்புகின்றன.

இங்கேதான் எனக்குக் கடைசியாக ஒரு குழப்பம் தீர்ந்தது. சக்தியும் சத்தும் ஒன்றல்ல. சக்தி கரண்ட் மாதிரி, சூரியனில் இருந்து வந்து எரிந்து வெப்பமாகி முடிந்தது, திரும்பப் பிடிக்க முடியாது, தினமும் புதிதாக வர வேண்டும். நைதரசனும் பொசுபரசும் கம்பி மாதிரி, வீட்டை இடித்தாலும் கழற்றி வேறு வீட்டுக்குப் பாவிக்கலாம். அந்தக் கழற்றும் வேலைதான் சேற்றில் நடப்பது.

தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கம் நீர்க்காகங்கள் சிறகை விரித்து நின்றன. தூரத்தில் கூழைக்கடா ஏழெட்டு. வானத்தில் ஒரே ஒரு செம்பருந்து. மகள் எண்ணிக்கொண்டு வந்தாள். மன்னார் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றனவே, பருந்து ஏன் கூட்டமாக வருவதில்லை என்று கேட்டாள். பூநாரை தலைகீழாக அலகை விட்டு உவர் நீரில் அல்காவையும் கூனி மாதிரியான நுண்ணிய இறால் வகைகளையும் வடிகட்டித் தின்கிறது. உருவம் பெரிதென்றாலும் சாப்பிடுவது கூம்பகத்தின் அடித்தட்டில். அங்கே ஆயிரம் பேருக்கு இலை போடலாம். பருந்து சாப்பிடுவது உச்சியில். திலாப்பியா 1952-ல் இந்த நாட்டுக்கு வந்து குளம் குளமாக மலிந்ததும் இதனால்தான்: அல்காவையும் அடிச்சேற்றில் படிந்த உக்கலையும் நேரடியாக இறைச்சியாக மாற்றும். சந்தையில் விராலின் விலையையும் திலாப்பியாவின் விலையையும் கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு, விரால் ஒரு படி மேலே இருந்து தின்பதற்கு நாங்கள் கொடுக்கும் கூலி.

செயற்றிட்டம் ஒப்படைத்தாகிவிட்டது. புள்ளி என்ன என்று எழுதினால் பிள்ளை கோபிப்பாள். தொட்டியில் இப்போது கப்பி எண்ண முடியாத அளவு, தவளை நாலு, நத்தை நிறைய, விரால் ஒன்று. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குளத்தில் விட்டுவிட்டேன். வைத்திருப்பது கொழுக்கவில்லை, மெலியவும் இல்லை. மாமி மணம் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, கிணற்றடியில் பாத்திரம் கழுவும்போது மிஞ்சிய சோற்றுப் பருக்கையை மட்டும் எனக்குத் தெரியாமல் போடுகிறார். நாளுக்கு ஒரு பிடிக்கு மேல் போகவில்லை, பேசாமல் இருக்கிறேன்.

போன கிழமைதான் கவனித்தேன், தொட்டியில் தண்ணீர் இறங்குவதில்லை. ஆனியில் இருந்து வெயிலில் ஆவியாவதை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், வெடிப்புப் பக்கத்து நிலம் காய்ந்து கிடக்கிறது. சேறு போய் அடைத்துவிட்டது. சீமெந்துப் பை இன்னும் விறாந்தை மூலையில் பிரிக்காமல் இருக்கிறது. மாரி தொடங்கினால் கட்டி பிடித்துவிடும், கேட்கிற யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.